தைக்கக் கூடாத பீஸ்

திருப்பூர் காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்த சின்ன பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு முழுக்க என் பொறுப்பு. என் பெயர் அஜீஸுன்னிசா. முதலாளி சேக் தாவூது எனக்குத் தூரத்து உறவு. உறவு என்பதால் வேலை கொடுத்தார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். என் வாய்க்குப் பயந்து கொடுத்தார் என்பதுதான் உண்மை. ஆனால் நான் சொல்ல வந்தது ராமுத்தாயைப் பற்றி. என்னை விட்டுவிட்டு அவளைப் பற்றிச் சொல்ல முடியாது என்பதால் நடுநடுவே நானும் வருவேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராமுத்தாய் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. எண்பத்து மூன்றில், மழை பொய்த்துப்போன வருஷம், புருஷன் பொன்னுச்சாமியோடு திருப்பூருக்கு வந்தாள். அவனுக்கு நொய்யலோரத்தில் ஒரு சலவைப் பட்டறையில் வேலை கிடைத்தது. இவள் எங்கள் கம்பெனி மாடிப்படி ஏறி வந்து, பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, மீதிப் படி ஏறி, "வேலை இருக்குங்களா?" என்று கேட்டாள். அந்த மூச்சு வாங்கலை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் படி அவ்வளவு செங்குத்து. முதலாளியே ஏறினால் நாலு வார்த்தை பேச நேரமாகும்.

செக்கிங் என்றால், தைத்து முடிந்த பனியனை மேசைமேல் போட்டு, உள்ளே கையை விட்டு விரித்து, டியூப்லைட் வெளிச்சத்தில் ஓட்டை, பின்னலில் கண்ணி விட்ட கோடு, எண்ணெய்க் கறை என்று பார்த்து ஒதுக்குவது, ஒன்றும் இல்லாத பீஸுக்குப் பாஸ் போடுவது. கேட்க லேசாகத்தான் இருக்கும். புதிதாக வருகிற பெண்களுக்கோ ஒன்றுமே கண்ணில் படாது. விரல் வைத்துக் காட்டினாலும் "எங்கக்கா?" என்பார்கள். அதற்காகவே நான் ஒரு மூட்டை கட்டி வைத்திருந்தேன். டேமேஜ் மூட்டை என்று பேர். ஒவ்வொரு குறைக்கும் ஒரு பனியன். புதுப் பெண் வந்தால் முதலில் அந்த மூட்டையோடுதான் உட்கார வேண்டும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்புறம் எதுவும் தப்பாது.

அந்த மூட்டையில் எனக்கு ரொம்பப் பிடித்த பீஸ் ஒன்று இருந்தது. தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரே ஒரு கண்ணி விட்டுப்போய், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற கோடு. அதைக் கண்டுபிடித்துவிட்டால் அந்தப் பெண் தேறிவிட்டாள் என்று அர்த்தம். ஒருநாள் டெய்லர் அக்பர், வேலை இல்லாத நேரத்தில் நல்லது செய்வதாக நினைத்து, அந்தக் கண்ணிகளை ஊசியால் ஒவ்வொன்றாக ஏற்றி, தடமே தெரியாமல் சரிபண்ணி என் மேசையில் கொண்டுவந்து வைத்தான். முகத்தில் பெருமை வேறு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இது வித்துக் காசாக்கற பீஸாடா? இத வெச்சுத்தானே இத்தன புள்ளைங்களுக்குக் கண்ணத் தொறந்தேன்? தெச்சுப்போட்ட பீஸ வெச்சு நான் யாருக்குடா கத்துக்குடுக்கறது? இனி என்ற மூட்டைல எவனாச்சும் ஊசி வெச்சீங்கன்னா கைய ஒடிச்சுப்போடுவேன்" என்று கத்தினேன். கீழே டீக்கடை வரைக்கும் கேட்டது என்றார்கள். அக்பர் பாவம், அந்த பனியனை மடித்துத் தன் மிஷின் டிராயரில் போட்டுக்கொண்டு போய்விட்டான். ராமுத்தாய் அப்போது எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தாள். வந்த புதிது. வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எல்லாவற்றையும் அப்படித்தான் பார்ப்பாள், மனசுக்குள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிற மாதிரி.

மறு வருஷம் அவள் மாசமானாள். எட்டு மாதம் ஆனபோது மேசைக்கு முன் நிற்கவே முடியவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும் என்று ஆளுக்கு ஆள் சொன்னோம். ஒரு நாள் மத்தியானம் உதடு நீலம் பாரித்து, உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டாள். உள்ளூரில் பார்த்த டாக்டர், "இங்க வெச்சுப் பாக்க முடியாதுங்க. தாமதிக்காம கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றார். பனியன் பண்டல் ஏற்றுகிற கம்பெனி வேனிலேயே, பண்டல்களைத் தள்ளிவிட்டு அவளைச் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டு போனோம். படுக்க வைத்தால் மூச்சு முட்டியது. பொன்னுச்சாமி அவள் காலைப் பிடித்துக்கொண்டே வந்தான். அவிநாசி தாண்டும்போது நான் ஓதாத துஆ இல்லை.

இங்கே என்னைப் பெற்ற அத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது டாக்டருக்குப் படிக்கிற காலேஜ் நம் பக்கத்தில் கிடையாது. அத்தாவுக்கு நெஞ்சில் கோளாறு என்று தெரிந்ததும், நெஞ்சுக்குள் பார்க்கிற பெரிய டாக்டர்கள் மதராசில்தான் இருக்கிறார்கள் என்றார்கள். மதராசுக்குக் கொண்டுபோவதா வேண்டாமா என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிப்பதற்குள் அத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் கோயமுத்தூரில் காலேஜ் வந்தது. காலேஜ் வந்ததால் பெரியாஸ்பத்திரிக்குப் படித்த டாக்டர்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் படிக்கிற பிள்ளைகள் வந்தார்கள், விதவிதமான வார்டுகள் வந்தன. கட்டடத்தைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறவர்கள் உண்டு. கூட்டம், வரிசை, வராந்தாவில் பாய் போட்டுப் படுத்திருக்கிற சனம், எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வேன் உள்ளே நுழைந்தபோது "நீங்க யாரு, எந்த ஊரு, எவ்வளவு வெச்சிருக்கீங்க?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சர்தான் வந்தது.

அங்கே ராமுத்தாய் உயிரோடு ஒரு பெண்ணைப் பெற்றாள். குலதெய்வம் ஒச்சாண்டம்மன் பேரால் ஒச்சம்மாள் என்று பேர் வைத்தார்கள். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் அவள் பக்கத்திலேயே இருந்து மூச்சைக் காப்பாற்றியது நெஞ்சு, வயிறு, காய்ச்சல் எல்லாம் பார்க்கிற மெடிசின் வார்டின் பெரிய டாக்டரம்மா. ஒல்லியான உருவம், தடித்த கண்ணாடி, சத்தம் போடாத பேச்சு. அவரே காலேஜில் பாடமும் எடுப்பவர். ராமுத்தாய் தேறிய பிறகு எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: சின்ன வயதில் வந்த மூட்டுவலிக் காய்ச்சல் இதயத்துக்குள் இருக்கிற ஒரு கதவைக் கெடுத்துவிட்டது, கதவு சரியாகத் திறப்பதில்லை, ரத்தம் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது, அதனால் நெஞ்சில் ஒரு சத்தம் கேட்கிறது. ராமுத்தாய்க்கு ஞாபகம் இருந்தது. பத்து வயதில் முழங்கால் வீங்கி, ஒரு கோடை முழுக்கப் படுத்துக் கிடந்தாளாம். சுடு ஒத்தடம் கொடுத்ததோடு சரி.

அதிலிருந்து, அந்தக் காய்ச்சல் திரும்பி வராமல் இருக்க, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி. ரயிலேறிப் போய் இறங்கினால் ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். பொன்னுச்சாமிக்குப் பட்டறையில் லீவு கிடைக்காது. நான்தான் கூடப் போனேன். என் வீட்டுக்காரர் ராஜா முகமது காதர்பேட்டையில் கட்பீஸ் கடை வைத்திருந்தார். "மூணு வாரத்துக்கு ஒருக்கா கோயமுத்தூர் சுத்தறதுக்கு நல்ல சாக்கு புடிச்சுட்டே" என்று கேலி செய்வார். ஆனால் நான் கிளம்புகிற அன்றைக்கு ஒச்சம்மாளைக் கடையில் தன் மடியில் வைத்துக்கொண்டு வியாபாரம் பார்த்தது அவர்தான்.

ஒருமுறை ஊசி போட்டு முடிந்ததும் டாக்டரம்மா கேட்டார். "ராமுத்தாய், அடுத்த மாசம் கடைசி வருஷப் பிள்ளைங்களுக்குப் பரீட்சை. ஒரு நாள் வந்து படுத்துக்கிறியா? உன் நெஞ்சைப் பார்த்து அவங்க என்ன வியாதின்னு கண்டுபிடிக்கணும். இஷ்டம் இருந்தா வா."

டாக்டர் பரீட்சை என்றால் பேப்பரில் எழுதுவது மட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். நிஜமான நோயாளிகளைக் கட்டிலில் படுக்க வைத்து, பையனோ பெண்ணோ தொட்டுப் பார்த்து, கேட்டுப் பார்த்து, வெளியூரிலிருந்து வந்த பெரிய டாக்டர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். அப்படிப் படுக்கிறவர்களுக்குக் கேஸ் என்று பேர். வெள்ளகோவிலில் இருந்து ஒரு பெரியவர் கல்லீரல் கேஸாக வருவார். சாமளாபுரத்து விசைத்தறிக்காரர் ஒருவருக்கு நுரையீரல். நல்ல கேஸ் என்று பிள்ளைகள் சொன்னால் அவருக்குத் தலைகால் புரியாது. கேஸாக வந்தவர்கள் தங்கள் வியாதியின் பேரை வாய் தவறியும் சொல்லிவிடக் கூடாது என்பது சட்டம்.

ராமுத்தாய் அந்தச் சட்டத்தை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினாள். பிள்ளைகள் கெஞ்சுவார்களாம். "அக்கா, ஒரே ஒரு க்ளூ" என்று கண்ணில் நீரோடு கேட்பார்களாம். வாயைத் திறக்க மாட்டாள். ஆனால் கடைசி நிமிஷத்தில், அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே, இடது பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவளுடைய சத்தம் அப்படிப் படுத்தால்தான் நன்றாகக் கேட்கும்.

"இது காப்பி அடிக்க உடறது இல்லியா?" என்று ரயிலில் கேட்டேன்.

"இல்லக்கா. எனக்கு இடுப்பு வலிச்சுச்சு. திரும்பிப் படுத்தேன்" என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

பரீட்சை நாளுக்கு அவள் போகிற அழகைப் பார்க்க வேண்டும். தலைக்குக் குளித்து, கனகாம்பரம் வைத்து, துவைத்து மடித்த சேலை. தீபாவளிக்குக் கூட அவள் அப்படி உடுத்தி நான் பார்த்ததில்லை. ஒருமுறை ஒரு மாணவி அவளிடம் சொன்னாளாம்: "புத்தகத்துல எத்தனையோ தடவை படிச்சேன், புரியலை அக்கா. உங்க நெஞ்சுல கேட்ட அப்புறம்தான் இதுதான் அதுன்னு தெரிஞ்சது." அதைத் திருப்பூர் வருகிற வரைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். படிக்கத் தெரியாதவள் டாக்டருக்குப் பாடம் எடுத்துவிட்டாள். நானும் ரெண்டு நாள் கம்பெனியில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

எண்பத்தொன்பதில் டாக்டரம்மா பேச்சை மாற்றினார். "கதவு ரொம்பக் குறுகிப்போச்சு. இனி ஊசி, மாத்திரை பத்தாது. ஆபரேஷன் பண்ணி விரிச்சு விடணும். நம்ம ஆஸ்பத்திரியிலேயே பண்ணலாம், செலவு எதுவும் கிடையாது. தள்ளிப்போட்டா தாங்காதும்மா. உன் பொண்ணுக்கு அஞ்சு வயசுதான் ஆகுது." அதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? சேர வேண்டிய தேதியும் சொன்னார். அந்தத் தேதியில் ராமுத்தாய் ஊரில் திருவிழா என்று கிளம்பிவிட்டாள். அடுத்த தேதிக்கு ஒச்சம்மாளுக்கு அம்மை போட்டிருக்கிறது என்றாள். நான் பதறிப்போய் வீட்டுக்கு ஓடினால் பிள்ளை வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தது. பொன்னுச்சாமி ஒரு மூலையில் உட்கார்ந்து, "நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கிறா, நீங்களாச்சும் சொல்லுங்கக்கா" என்று அழுதான். கத்திக்குப் பயப்படுகிறாள் என்று நாங்கள் எல்லாரும் முடிவு கட்டினோம். ஆனால் பரீட்சைக்கு மட்டும் தவறாமல் போய்ப் படுத்துவிட்டு வந்தாள்.

இதற்குள் அவள் எங்கள் படியில் நின்று மூச்சு வாங்குகிற இடம் கீழே கீழே இறங்கி வந்துவிட்டது. கடைசியில் முதல் படி ஏறியதுமே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தொண்ணூறாம் வருஷம் பொங்கல் கழிந்து முத்துப்பேச்சி என்று ஒரு புதுப் பெண் வந்தாள். வழக்கம்போல டேமேஜ் மூட்டையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு நான் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா, இது என்ன டேமேஜ்?" என்று அவள் ஒரு வெள்ளை பனியனைத் தூக்கிக் காட்டினாள். "எண்ணெய்க் கறை" என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. என் மூட்டையில் எண்ணெய்க் கறைக்கு இருப்பது நீலக் கலர் பீஸ். வெள்ளை கிடையாது. வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் காய்ந்து பழுப்பேறியிருந்தது. நடுவில் சிவப்பு. அது எண்ணெய் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் ராமுத்தாயைப் படிக்கட்டில் உட்கார வைத்து, பனியனை அவள் மடியில் போட்டேன்.

"இருமினேன்க்கா. கையில இருந்த பீஸ்ல பட்டுப்போச்சு" என்றாள். "ரிஜெக்ட்ல போட்டா மொதலாளி பாத்துக் கேப்பாரு. நம்ம மூட்டைக்குள்ள வச்சா யாரும் கேக்க மாட்டாகன்னு வச்சேன்."

"ரத்தம் வர்ற அளவுக்கு ஆயிப்போச்சு, இன்னும் எதுக்கு கண்ணு ஓடி ஒளியற? கத்தின்னா அவ்வளவு பயமா?"

"பயமெல்லாம் இல்லக்கா."

"அப்புறம் என்னதான் உன்ற மனசுல?"

தூக்குப் போசியின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "நீங்கதானக்கா சொன்னீக" என்றாள்.

"நான் என்ன சொன்னேன்?"

"அக்பர் அண்ணனை அன்னைக்கி அந்தப் பேச்சுப் பேசுனீகள்ல. தச்ச பீஸ வச்சு யாருக்குக் கத்துக் குடுக்கிறதுன்னு." தலையை நிமிர்த்தாமலே பேசினாள். "என் நெஞ்சுல இருக்கிற சத்தத்தக் கேட்டுத்தான் அம்புட்டுப் பிள்ளைகளும் படிக்குது. அதச் சரி பண்ணிப்புட்டா அதுக எதக் கேட்டுப் படிக்கும்? ஒச்சம்மாளையும் என்னையும் அந்த ஆஸ்பத்திரிதான் எடுத்துக் குடுத்துச்சு. திருப்பிக் குடுக்க எங்கிட்ட வேற என்னக்கா இருக்கு? இந்தச் சத்தம் ஒண்ணுதான் இருக்கு."

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பனியனுக்காக நான் போட்ட கூச்சலை, இவள் தன் உயிருக்கு விதி என்று எடுத்து வைத்திருக்கிறாள். ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று கை வந்தது. அந்தக் கை அவளைக் கட்டிக்கொள்ளத்தான் போனது. ரெண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை முத்துப்பேச்சி மேலே இருந்து பார்த்துவிட்டு, வேலைக்கு வந்த இடம் சரியில்லையோ என்று பயந்துவிட்டாளாம்.

மறுநாள் காலை வண்டிக்கே அவளை இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா வார்டில் மாணவர்களோடு நின்றிருந்தார். நான் காத்திருக்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், மூட்டை, அக்பர், பனியன், ரத்தம் எல்லாம். "நீங்களே கேளுங்க டாக்டரம்மா இந்தக் கூத்த. உங்க புள்ளைங்க படிக்கறதுக்காக இவ சாகப் போறாளாமுங்க" என்றேன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு ராமுத்தாயின் தோளைப் பிடித்துப் பக்கத்துக் கட்டிலைக் காட்டினார். பொங்கலூரில் இருந்து வந்த பள்ளிக்கூடத்துச் சின்னப் பெண் ஒருத்தி அங்கே தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அதே மூச்சு வாங்கல்.

"இவளுக்கும் உன் சத்தம்தான்" என்றார். "அந்தக் கடைசிக் கட்டிலுக்கும் அதேதான். இந்தச் சத்தத்துக்கு இங்கே பஞ்சமே இல்லைம்மா. இது பஞ்சமாகணும்னுதான் நாங்க எல்லாரும் பாடுபடறோம். இந்தப் பிள்ளைங்களுக்குச் சத்தத்தைக் கேட்கச் சொல்லித் தர்றதே, அதை நிறுத்தணுங்கிறதுக்குத்தான். உனக்கு நிறுத்தாம விட்டா நான் இவங்களுக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுத்தேன்?"

மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ராமுத்தாய் அந்தச் சின்னப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "எந்தக் கட்டில்ல படுக்கணும் டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும் என்றார்கள். பொன்னுச்சாமியோடு அக்பரும் வந்து கொடுத்தான். "தெச்சதுக்குத்தான் திட்டு வாங்குனேன். இதுக்குத் திட்ட மாட்டீங்கல்ல?" என்று பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டான். ஆபரேஷன் செய்கிற டாக்டர் முந்தின நாள் ராமுத்தாயிடம் வந்து, இடது பக்க விலா இடுக்கு வழியாகப் போய், ஒரு விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, ஒட்டிக்கொண்டிருக்கிற கதவைப் பிரித்து விடுவேன் என்று பொறுமையாக விளக்கினார். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, அவர் போனதும், "செக்கிங்தான்க்கா. நம்மளும் உள்ள கையை விட்டுத்தான பாக்குறோம்" என்றாள். அவளுக்கு இருந்த தைரியத்தில் கால்வாசி எனக்கு இல்லை. அவளை உள்ளே கொண்டுபோன பிறகு வராந்தாவில் நான் துஆ கேட்டுக்கொண்டிருந்தேன், பக்கத்தில் பொன்னுச்சாமி ஒச்சாண்டம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தான். மத்தியானத்துக்குப் பிறகு டாக்டரம்மா வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தபோது, அந்தத் தரையிலேயே விழுந்து சஜ்தா செய்தேன். யார் பார்த்தாலும் எனக்குக் கவலையில்லை.

அக்டோபரில் மறுபடி பரீட்சை வந்தது. ராமுத்தாய்க்கு மறுபடி ஆள் சொல்லி விட்டார்கள். "சத்தமே போயிருச்சே, என்னிய வச்சு என்ன செய்வாக? மறதியில கூப்பிட்டுட்டாக" என்று அவள் தயங்கினாள். ஆனாலும் தலைக்குக் குளித்து, கனகாம்பரம் வைத்து, கிளம்பிவிட்டாள். எங்கள் கம்பெனிப் படியில் நிற்காமல் மேலே ஏறி வந்து என்னைக் கூப்பிட்டாள். அதை மட்டும் அன்றைக்கு ரெண்டு தடவை செய்யச் சொல்லிப் பார்த்தேன்.

கூட வந்தவர்கள் வராந்தாவில்தான் இருக்க வேண்டும். உள்ளே நடந்ததைத் திரும்பி வருகிற ரயிலில்தான் சொன்னாள்.

ஒரு மாணவி வந்தாளாம். ஒல்லிக்குச்சி. இடது மார்புக்குக் கீழே வளைந்து போகிற தழும்பைப் பார்த்தாள். காதில் மாட்டிய குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டாள். மறுபடி கேட்டாள். ராமுத்தாய் பழக்கத்தில் இடது பக்கம் திரும்பிப் படுத்தாள். அப்போதும் கேட்டாள். முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, எனக்கு ஒண்ணுமே கேக்கலையே" என்று கிசுகிசுத்தாள். ராமுத்தாய் சட்டப்படி வாயை மூடிக்கொண்டாள். தன்னால் இந்தப் பிள்ளை தோற்றுப்போகப் போகிறதே என்று மனசுக்குள் மருகினாள்.

பெரிய டாக்டர்கள் வந்தார்கள், கூடவே டாக்டரம்மாவும். வெளியூர் டாக்டர் தழும்பைக் காட்டிக் கேட்டார். மாணவி அது என்ன ஆபரேஷன் என்று சரியாகச் சொன்னாள். "சரி, இப்போ என்ன சத்தம் கேக்குது?" என்றார். அந்தப் பெண் டாக்டரம்மாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். இருக்கிறது என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் சொல்லவில்லை.

"சார், நல்லாக் கேட்டுப் பார்த்தேன். எந்தச் சத்தமும் இல்லை."

வெளியூர் டாக்டர் குனிந்து, தானும் குழாயை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து, "இல்லைதான். அதுதான் பதில். போலாம்மா" என்றார்.

"எந்தச் சத்தமும் இல்லேன்னு சொல்லிருச்சுக்கா அந்தப் பிள்ள" என்று சொல்லிவிட்டு ராமுத்தாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சோமனூர் தாண்டுகிற வரைக்கும் அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டே வந்தாள்.

அதற்கப்புறம் எத்தனையோ பரீட்சைகளுக்கு அவள் போய்ப் படுத்தாள். அந்த ஆஸ்பத்திரிக்கு என்ன செய்தாலும் எங்கள் கடன் தீராது. என் அத்தாவுக்குக் கிடைக்காதது ஒச்சம்மாளின் அம்மாவுக்குக் கிடைத்தது என்பதை நினைக்காமல் நான் ஒருநாளும் தொழுகையை முடித்ததில்லை.

அந்த அக்டோபர் பரீட்சைக்கு மறுநாள் வேலைக்கு வந்ததும் அக்பரின் மிஷினுக்குப் போய், அவன் கண்ணி ஏற்றிச் சரிபண்ணிய அந்தப் பழைய பனியனைக் கேட்டேன். முதலில் பயந்தான். டிராயரின் அடியில் இருந்து எடுத்துக் கொடுத்தான். அதை டேமேஜ் மூட்டையில் வைத்தேன். அதிலிருந்து புதிதாக வருகிற ஒவ்வொரு பெண்ணும் அந்த பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, திட்டு விழுமோ என்று பயந்துகொண்டே என்னிடம் கொண்டுவந்து, "அக்கா, இதுல ஒண்ணும் இல்லையே" என்பாள். நான் பதில் சொல்வதற்குள் பக்கத்து மேசையில் இருந்து ராமுத்தாயின் குரல் வரும்.

"ஆமா. பாஸ் போடு."